மருத்துவபீட ஆசனங்களும் 'எங்கே படித்தாய்' என்ற கேள்வியும்

ரொறன்ரோவுக்கு வடக்கே றிச்மண்ட் ஹில் நகரில், பேவியூ வீதியில் அமைந்துள்ள பிள்ளையார் கோவிலில் நவராத்திரிக் காலத்தில் இரு வகையான பெற்றோரைக் காணலாம். ஏடு தொடக்குவதற்காகச் சிறு குழந்தைகளை அழைத்து வருபவர்கள் ஒரு வகை. இருபது வயதைக் கடந்த பிள்ளைகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனைச் சீட்டு எடுப்பவர்கள் மற்ற வகை.

ஒன்ராறியோ மாகாண மருத்துவபீடங்களுக்கு விண்ணப்பிப்பதற்கான இறுதி நாள் ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் வருவதால் இந்தப் பொருத்தம் நேர்கிறது.

இலங்கைத் தமிழர் மத்தியில் மருத்துவப் படிப்புக்கு இருக்கும் மதிப்பு புதியதல்ல. அமெரிக்க மிஷனரி மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலும் கற்பித்தவர். மருத்துவர் என்ற சொல் யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்றிலிருந்தே ஒரு தனி எடையோடு உச்சரிக்கப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் கனடாவில் வளர்ந்த பிள்ளை சந்திக்கும் தேர்வுமுறை, பெற்றோர் அறிந்த உயர்தரப் பரீட்சையைப் போன்றதல்ல. அதைப் புரிந்துகொள்வதில் ஏற்படும் குழப்பம் ஒருபுறமிருக்க, அண்மைய ஆண்டுகளில் அதைச் சுற்றி எழுந்துள்ள அரசியல், தமிழர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நாட்டில் எதிர்கொண்ட கேள்வி ஒன்றை மீண்டும் எழுப்பியுள்ளது. பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் மருத்துவபீடத்தில் ஓர் ஆசனம் யாருக்கு உரியது? அதைத் தீர்மானிப்பதில் ஒருவர் பெற்ற புள்ளிக்கு எவ்வளவு பங்கு, அவர் எங்கே படித்தார் என்பதற்கு எவ்வளவு பங்கு?

ஒரே புள்ளியில் முடியாத தேர்வு

ஒன்ராறியோவில் பாடசாலைப் படிப்பு முடிந்தவுடன் மருத்துவபீடத்துக்குச் செல்ல இயலாது. பல்கலைக்கழகத்தில் குறைந்தது சில ஆண்டுகள் பயின்று, பெரும்பாலும் ஒரு பட்டத்தையே முடித்துக்கொண்டுதான் விண்ணப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பெற்ற சராசரித் தரம், 'எம்கேட்' எனப்படும் தகுதிகாண் பரீட்சை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றோடு, பதினாறு வயதிலிருந்து தாம் செய்த தொண்டு, தொழில், ஆராய்ச்சி, விளையாட்டு என்பவற்றைப் பட்டியலிடும் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றையும் மாணவர்கள் சமர்ப்பிக்க வேண்டும்.

இவற்றுக்குக் கொடுக்கப்படும் மதிப்பும் பீடத்துக்குப் பீடம் வேறுபடுகிறது. ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் எம்கேட் பரீட்சையின் நான்கு பகுதிகளில், விஞ்ஞானமே இல்லாத வாசிப்பும் பகுத்தாய்வும் சார்ந்த ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் எடுத்து வந்துள்ளது. ஒட்டாவா பல்கலைக்கழகமும், வட ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகமும் அந்தப் பரீட்சையையே கேட்பதில்லை. 2025ஆம் ஆண்டில் பிரம்டன் நகரில் 94 ஆசனங்களோடு ஆரம்பமான ரொறன்ரோ மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழக மருத்துவபீடமும் அதைக் கேட்கவில்லை. புள்ளியையே நம்பி வளர்ந்த பெற்றோருக்கு இது விளங்காத கணக்கு.

கிங்ஸ்ரன் நகரில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே சென்றது. குறைந்தபட்சத் தகுதிகளைப் பூர்த்தி செய்த விண்ணப்பதாரிகளிலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்வோரைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்போவதாக 2024இல் அது அறிவித்தது. மிக உயர்ந்த புள்ளிகளுக்கு இடையேயான நுண்ணிய வேறுபாடுகள் நல்ல மருத்துவரை அடையாளம் காட்டுவதில்லை, வசதி படைத்த வீட்டுப் பிள்ளையை அடையாளம் காட்டுகின்றன என்பதே இத்தகைய முறைக்கு ஆதரவானவர்களின் வாதம்.

இதைக் கேட்டுச் சினந்த தமிழ்ப் பெற்றோர் பலர். ஆனால் தகுதியை முதலில் வரையறுத்து, தகுதி உள்ளவர்களின் பெயர்களைக் குடத்தில் இட்டு எடுக்கும் முறை நமக்கு அந்நியமானதல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரிப்பது அதையேதான்.

95 சதவீதம்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் அரசாங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முதல் ஒன்ராறியோ மருத்துவபீடங்களின் இளநிலை ஆசனங்களில் குறைந்தது 95 சதவீதம் மாகாணவாசிகளுக்கு ஒதுக்கப்படும், எஞ்சியவை கனடாவின் ஏனைய மாகாண மாணவர்களுக்கு உரியவை, வெளிநாட்டு மாணவர்களுக்கு இடமில்லை என்பதே அதன் சாரம்.

வெளிநாட்டு மாணவர்களின் தொகை அதற்கு முன்னரும் ஒரு சதவீதத்தை எட்டியதில்லை. எனவே இந்த விதியால் புதிதாகத் திறக்கும் கதவுகள் சொற்பமே. குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் சுமார் 25 இலட்சம் பேர் என்று ஒன்ராறியோ குடும்ப மருத்துவர் கல்லூரி மதிப்பிட்டிருந்த ஒரு மாகாணத்தில், ஓர் அரசாங்கம் செயற்படுவதாகக் காட்டிக்கொள்ள எடுத்த நடவடிக்கை என்றே இதைக் கருதவேண்டியுள்ளது.

ஆயினும் தமிழர் மத்தியில் இதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. நம் பிள்ளைகள் ஒன்ராறியோப் பிள்ளைகள்தானே என்பதே பரவலான மனநிலை.

ஓராண்டு கழித்து வந்த மற்றொரு விதி அவ்வளவு இலகுவாகக் கடந்து செல்லத்தக்கதாக இருக்கவில்லை.

மருத்துவப் பட்டம் பெற்ற எவரும் வதிவிடப் பயிற்சி பெற்றால்தான் கனடாவில் மருத்துவராக முடியும். அந்தப் பயிற்சி இடங்கள் நாடளாவிய ரீதியில் இரு சுற்றுகளில் நிரப்பப்படுகின்றன. முதல் சுற்றில் எஞ்சியவையே இரண்டாவது சுற்றுக்கு வரும். வெளிநாடுகளில் மருத்துவம் கற்றவர்கள் ஒன்ராறியோவில் முதல் சுற்றில் போட்டியிடுவதாயின், அவர்கள் இந்த மாகாணத்து உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும் என 2025 ஒக்டோபரில் அரசாங்கம் திடீரென அறிவித்தது. எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் எழுந்ததை அடுத்துச் சில வாரங்களிலேயே, அந்த ஆண்டுக்கு அந்த விதியைப் பிரயோகிப்பதிலிருந்து அது பின்வாங்கியது.

இந்தக் கட்டுரையாளர் அறிந்த றிச்மண்ட் ஹில் வீடு ஒன்றில் அந்த வாரங்களில் நிலவிய மௌனம் குறிப்பிடத்தக்கது. வீட்டுக்காரரின் மகள் இங்கே உயர்நிலைப் பள்ளியில் பயின்று, இங்கே ஆசனம் கிடைக்காததால் கரீபியத் தீவு ஒன்றில் மருத்துவம் கற்பவர். அவருடைய மச்சாள், அதாவது தாய்மாமனின் மகள், யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் பட்டம் பெற்று, நிரந்தர வதிவிட அனுமதியுடன் வந்து, அதே வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தபடி கனடியப் பரீட்சைகளில் தேறியவர். புதிய விதி மகளுக்கு முதல் சுற்றில் வழி விட்டது. மச்சாளுக்கு அதை மூடியது.

"எங்கட பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் அண்ணேன்ர பிள்ளையின்ர முகத்தை எப்பிடிப் பார்க்கிறது?" என்று கேட்டார் அந்தத் தாய்.

யாழ்ப்பாணத்தின் நினைவு

இந்தத் தாயின் தலைமுறைக்கு முந்திய தலைமுறை, 'தரப்படுத்தல்' என்ற சொல்லை மறந்திருக்க முடியாது. 1970இல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூலத்தின் அடிப்படையில் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளைக் கொண்டுவந்தது. மருத்துவபீடத்துக்கு மொத்தம் 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாக இருந்தது. விஞ்ஞானம் சார்ந்த துறைகளுக்குத் தெரிவானோரில் தமிழரின் பங்கு 1970இல் 35 சதவீதமாக இருந்து, 1975இல் 19 சதவீதமாகச் சரிந்தது. பின்னர் ஆயுதம் ஏந்திய இளைஞர் தலைமுறையின் உருவாக்கத்தில் இதற்குரிய பங்கை ஆய்வாளர்கள் பலரும் ஏற்றுக்கொள்கின்றனர்.

ஆனால் 1974இல் சேர்க்கப்பட்ட மாவட்ட ஒதுக்கீட்டை இதே தராசில் நிறுத்துவது சரியல்ல. மொழிவாரி வெட்டுப்புள்ளி ஓர் இனத்தைக் குறிவைத்தது. மாவட்ட ஒதுக்கீடு, நல்ல ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியர்களும் குவிந்திருந்த யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் பாதித்தது. அதே ஒதுக்கீடு மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும், முன்னர் இல்லாத வாய்ப்பொன்றைத் தந்தது. யாழ்ப்பாணத்து அரசியல் இதை உரத்துப் பேசியதில்லை.

மொழிவாரித் தரப்படுத்தல் 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு நிலைத்துவிட்டது. பின்னைய ஏற்பாட்டில் 40 சதவீத ஆசனங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள் தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. ஒரு காலத்தில் அனுகூலம் மிகுந்தது என்று கருதப்பட்ட யாழ்ப்பாணமே பின்னர் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இடம்பெற்றது வரலாற்றின் ஒரு வேடிக்கை.

தமிழ்நாட்டில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோன நிலையில், 2020இல் அம்மாநிலம் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. அங்கே ஊர் அல்ல, பள்ளியின் வகையே அளவுகோல்.

றிச்மண்ட் ஹில் எந்த மாவட்டம்?

இந்தப் பின்னணியில் ஒன்ராறியோவின் 95 சதவீத விதியைப் பார்த்தால் அதன் குறைபாடு தெளிவாகும். அது முழு மாகாணத்தையும் ஒரே மாவட்டமாகக் கருதுகிறது. எம்கேட் வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கான டொலர்களைச் செலவிடக்கூடிய, பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கும் றிச்மண்ட் ஹில் மாணவரும், வடக்கே ஒரு சுரங்க நகரத்து மாணவரும் அதன் கண்ணில் சமம். இலங்கையின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் றிச்மண்ட் ஹில்தான் அன்றைய யாழ்ப்பாணம். இதை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

இதற்கு மாற்றான முன்னுதாரணமும் இந்த மாகாணத்திலேயே உண்டு. 2005இல் தண்டர் பே, சட்பரி ஆகிய இரு நகரங்களிலும் தொடங்கப்பட்ட வட ஒன்ராறியோ மருத்துவக் கல்வி நிறுவனம், தன் மாணவர்களில் மிகப் பெரும்பான்மையினரை வடக்கிலிருந்தே தெரிவு செய்கிறது. அந்த ஊரில் வளர்ந்தவரே அந்த ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் அடிப்படை. 'எங்கே படித்தாய்' என்ற கேள்வி, 'எங்கே பணியாற்றுவாய்' என்ற கேள்வியோடு இணையும்போதுதான் அதற்கு நியாயம் கிடைக்கிறது. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்பது வேலி அடைப்பதே.

ஆசனம் கிடைத்த பின்

பெற்றோர் பலர் அனுமதிக் கடிதத்தோடு கதை முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். மாணவர்களுக்கு அங்கேதான் அது தொடங்குகிறது.

ஆண்டுக் கட்டணமே 20,000 டொலரைத் தாண்டும். வங்கிகள் மருத்துவ மாணவருக்கு மூன்று இலட்சம் டொலர் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் கடன் வசதி அளிக்க முன்வருகின்றன. அந்தத் தாராளமே ஒரு சுமை. வீட்டிலிருந்து போய்வந்து படிக்கக்கூடியவருக்கும், வேறு நகரில் அறை எடுத்துத் தங்குபவருக்கும் இடையிலான வேறுபாடு நான்கு ஆண்டுகளின் முடிவில் ஒரு சிறு வீட்டின் முற்பணத்துக்குச் சமமாகும்.

முதல் இரண்டு ஆண்டுகள் விரிவுரையும் சிறு குழுக் கலந்துரையாடலும் உடற்கூற்றியலுமாகக் கழிகின்றன. இப்போது பெரும்பாலும் சித்தி அல்லது சித்தியின்மை என்ற இரண்டே பெறுபேறுகள். வகுப்பில் முதலாம் பிள்ளை யார் என்று தொலைபேசியில் விசாரிக்கும் பெரியம்மாவுக்குச் சொல்ல விடை இல்லை. மூன்றாம் ஆண்டில் மருத்துவமனை விடுதிகளுக்குச் சென்றபின், இரவுக் கடமை முடிந்து மறுநாள் முற்பகலில் வீடு திரும்புவது வழமையாகிவிடும். மக்மாஸ்ரரில் இவை அனைத்தும் மூன்றே ஆண்டுகளில், நீண்ட விடுமுறைகள் இன்றி முடிக்கப்படுகின்றன.

இறுதி ஆண்டின் மார்ச் மாதத்தில் வதிவிடப் பயிற்சி முடிவு வரும். எந்தத் துறை, எந்த நகரம் என்பதை மாணவரும் நிகழ்ச்சித்திட்டங்களும் கொடுத்த விருப்பப் பட்டியல்களைப் பொருத்திக் கணினி தீர்மானிக்கும். ஸ்காபரோவில் பிறந்து றிச்மண்ட் ஹில்லில் வளர்ந்த ஒருவர் சஸ்கச்சுவானுக்குப் போக நேரிடலாம்.

குடும்ப மருத்துவத்துக்கு இரண்டே ஆண்டுப் பயிற்சி. மிகத் தேவைப்படும் துறையும் அதுவே. ஆனால் தமிழ் வீடுகளில் அது இன்னமும் இரண்டாம் தெரிவாகவே பேசப்படுகிறது. 95 சதவீத அறிவிப்போடு சேர்த்து, குடும்ப மருத்துவராகப் பணியாற்ற உறுதியளிக்கும் 1,360 மாணவர்களின் கல்விச் செலவை ஏற்க 8 கோடியே 80 இலட்சம் டொலர் ஒதுக்குவதாகவும் அரசாங்கம் கூறியது. அந்த அறிவிப்பின் பயனுள்ள பகுதி இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தலைப்புச் செய்திகளில் அதற்குக் கிடைத்த இடம் குறைவு.

இனி வரும் சோதனை றிச்மண்ட் ஹில்லுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. யோர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் அண்டை நகரான வோனில், கோர்ட்டெலூச்சி மருத்துவமனையை அடுத்த நிலத்தில், 2028இல் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆரம்பத்தில் ஆண்டுக்கு 80 ஆசனங்கள். முதனிலைப் பராமரிப்பு மருத்துவர்களை உருவாக்குவதே நோக்கம் என அறிவிக்கப்பட்டுள்ளது. அந்த மருத்துவமனையையும் றிச்மண்ட் ஹில் மருத்துவமனையையும் ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது, இரண்டும் ஒரே மேஜர் மக்கன்சி வீதியில் இருக்கின்றன.

வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று தாய்மார் இப்போதே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். அந்த முதல் 80 ஆசனங்களுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் பிள்ளைகள் ஏற்கனவே பதினாறு வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரிகள் எழுதப்பட்டாயிற்று.