காற்றோடு போகலாமா?

செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூர்ச் சமண மடத்தில் ஏட்டுச்சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. பழுதான ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்த புண்ணியவான்கள் இருந்தமையால் பழைய நூல்கள் பிழைத்தன. வானொலியில் எழுத்தாளர்கள் அளித்த பேட்டிகளுக்கு அவ்வாறு பிரதி செய்வார் யாருளர்?

சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தோன்றின. அவற்றின் துணையாக ‘வானொலி’ என்னும் பத்திரிகை வெளிவந்தது. நிகழ்ச்சி நிரலோடு பேச்சுக்களும் அதில் அச்சேறின. கேளாதவரும் படித்தனர். அப்பத்திரிகை நின்று நெடுங்காலமாயிற்று. ஒலிநாடாவோ ஏட்டைக் காட்டிலும் விரைவில் கெடுவது!

எஞ்சியுள்ள பேட்டிகளை எழுத்தாக்கி, அப்பத்திரிகையை மீண்டும் நடத்துமாறு பிரசார் பாரதி அதிகாரிகளை வற்புறுத்துகிறோம். செலவைக் காரணங்காட்டுவாராயின், ஜனங்களின் வரிப்பணத்தில் பதிவான குரல்கள் அந்த ஜனங்களுக்கே எட்டாமற் கிடப்பது என்ன சிக்கனம் என்று கேட்கிறோம்.