மாடி மழைநீரைச் சாக்கடையில் விடாதீர்கள்!
வேளச்சேரி ஏரிக்கரைக் குடியிருப்போரின் வேண்டுகோள்



சென்ற வாரம் ஒரு மணி நேரம்தான் மழை பெய்தது. தெருவில் கணுக்கால் நனையும் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டில் குளியலறைத் துவாரம் வழியாகச் சாக்கடை கொப்பளித்து ஏறியது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அரிசி வாளியைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுத் தானும் அதிலேயே காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கறுப்புத் தண்ணீர் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டைத் தொட்டிருந்தது.

இதற்கு மழையைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மறுநாள் தெருவைச் சுற்றி வந்தோம். பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் நேராகப் பாதாளச் சாக்கடையில் போய் விழுகிறது. மழைநீர் சேகரிப்புக் குழியின் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள். திறக்க முடிந்த ஒரு குழியிலும் கூழாங்கல் கண்ணில் படவில்லை. சேறும் பால் கவர்களும்தான்.

ஒரு கிரவுண்டு மாடியில், அதாவது 2,400 சதுர அடியில், 5 செ.மீ. மழை பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் 11,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர்! குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்காகப் போட்ட குழாயில் வீட்டுக்கு ஒரு லாரியைக் கவிழ்த்தால் அது எங்கே போகும்? பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குத்தான். சென்னையின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. அதே மாடியில் அது 3 லட்சம் லிட்டர். இவ்வளவையும் சாக்கடையில் விட்டுவிட்டுத்தான் 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தோம்.

ஏரி சுருங்கியதும் உண்மைதான்: 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி இன்று சுமார் 55 ஏக்கர். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நாம் மறந்திருக்க முடியாது. ஏரிக்காக அரசைக் கேட்டோம், இன்னும் கேட்போம். நம் மாடித் தண்ணீருக்கு யாரைக் கேட்பது? எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாகி எத்தனை மழைக்காலம் போய்விட்டது!

ஐப்பசி பிறப்பதற்குள் மாடியைப் பெருக்குங்கள். பிளம்பரை அழைத்து மழைநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்துக் குழிக்கோ கிணற்றுக்கோ திருப்புங்கள். குழியைத் தூர்வாரி, கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். செலவுக்குத் திணறும் வீடுகளுக்கு நாங்கள் சேர்ந்து செய்து தருகிறோம்.

இப்போதெல்லாம் வானம் கறுத்தாலே அந்தப் பாட்டி துவாரத்தில் துணியை அடைத்து அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைக்கிறார். அதைப் பார்த்த பிறகு எங்களால் சும்மா இருக்க முடியாது. அக்டோபர் முதல் ஞாயிறு வீடு வீடாக வருவோம். ஐப்பசி பிறந்த பின்னும் குழாயைப் பிரிக்காத வீடுகளைப் பற்றிக் குடிநீர் வாரியத்தில் எழுத்து மூலம் புகார் கொடுப்போம். அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
குடியிருப்போர் குழுவினர்