திப்புவின் நாட்டைப் பங்கு போட்டபோது சேரிக்கு என்ன வந்தது?

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு வாக்குவாதம். மலைக்கோட்டை திப்பு கையிலேயே இருந்திருந்தால் நம் சனங்களின் கதையே வேறாக இருந்திருக்கும் என்றார் ஒரு தோழர். வெள்ளைக்காரன் வந்ததால்தான் நமக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே நம்மவர்கள்தான்.

நடந்தது இதுதான். 1790இல் கம்பெனிப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. தோற்ற திப்பு பாதி நாட்டை விட்டுக்கொடுத்தார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். அந்தப் பாதியைக் கம்பெனியும் நிஜாமும் மராத்தியரும் பங்கு போட்டார்கள். திண்டுக்கல், பாரமகால், மலபார் கம்பெனிக்கு. 1799இல் திப்பு கொல்லப்பட்ட பிறகு கோயம்புத்தூரும் போனது. மிச்சத்தில் ஐந்து வயது உடையார் பிள்ளையை உட்கார வைத்தார்கள்.

திண்டுக்கல் 1792இல் தப்பியிருந்தாலும் 1799இல் கோவையோடு சேர்ந்து போயிருக்கும். ஆகவே 'திப்பு கையில் இருந்திருந்தால்' என்பது ஏழு வருடக் கணக்கு. நான் கேட்பது வேறு. கோடு எப்படிப் போட்டிருந்தாலும், கோட்டுக்குள் நிலம் யாருக்குப் போயிருக்கும்?

ஹைதரும் திப்புவும் இந்தப் பக்கத்துப் பாளையங்கள் பலவற்றைப் பறித்தார்கள். பறித்ததை உழுதவனுக்குக் கொடுக்கவில்லை, சர்க்கார் வரிக்கு எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி வந்ததும் பலவற்றைப் பழைய பாளையக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தது. எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கரை 1801இல் தூக்கிலிட்டது. அவர் வீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வென்றிருந்தாலும் பாளையம் பாளையம்தானே? கம்பெனியின் மதராஸ் படையில் பறையர் சிப்பாய்கள் நிறையப் பேர். கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தவர்களின் சொந்தக்காரர்கள் ஊருக்கு வெளியேதான் இருந்தார்கள். பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான்.

நமக்கென்று நிலம் ஒதுக்கச் சர்க்கார் யோசித்தது 1892இல்தான், உடன்படிக்கைக்குச் சரியாக நூறு வருடம் கழித்து. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு வந்த பஞ்சமி நிலம். அதுவும் இன்று யார் யார் பட்டாவில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய கதை இப்போது எதற்கு? கோடு போடும் பேச்சு ஓயவில்லை. 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் குறிப்பில் 'கொங்கு நாடு' என்று வந்ததும் சிலர் வரைபடமே போட்டார்கள். (அந்த அமைச்சர் அருந்ததியர் என்பது தனிக்கதை.) நம் மாவட்டத்துப் பழனியையும் ஒட்டன்சத்திரத்தையும் அதில் சேர்த்துப் பேசினார்கள். திண்டுக்கல் இந்தப் பக்கம், பழனி அந்தப் பக்கம். இன்னொரு பங்கு!

சின்ன மாநிலம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பாபாசாகேப் 1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதியபோது உத்தரப்பிரதேசத்தை மூன்றாக, பீகாரை இரண்டாக, மகாராட்டிரத்தை நான்காகப் பிரிக்கச் சொன்னவர். ஆனால் அதே நூலில் சாதியையும் கணக்கில் எடுத்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் நிலமும் எண்ணிக்கையும் உள்ள ஒன்றிரண்டு சாதிகள் இருக்கும், மற்றவர்கள் அவர்கள் தயவில் வாழ வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். அதற்குக் காப்பாகப் பல உறுப்பினர் தொகுதி முறையைக் கேட்டார். பிரிக்கச் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், காப்பை மறந்துவிடுகிறார்கள்.

தெலங்கானாவைப் பாருங்கள். தனி மாநிலம் வந்தால் முதல் முதல்வர் தலித் என்றார்கள், நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் என்றார்கள். 2014 ஜூன் 2இல் மாநிலம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் வாக்குக் கொடுத்தவரேதான். மூன்று ஏக்கரும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கொங்கோ, தென்தமிழ்நாடோ, எந்தக் கோடு போட வருகிறவரும் பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை தாலுகாக்களின் பஞ்சமி நிலப் பட்டியலை முதலில் மேசையில் வைக்கட்டும். சர்வே எண்ணோடு, இன்றைய பட்டாதாரர் பெயரோடு. டீக்கடைத் தோழர்கள் இருவரையும் அன்று இதில்தான் ஒத்துப்போக வைக்க முடிந்தது. அடுத்த வாரம் மூவரும் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிறோம்.