கற்பூரத் துண்டும் கடன் துண்டும்

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் ஊவாத் தோட்டங்களிலே முதலில் ஒளி பெறுவது கட்சிக் காரியாலயமன்று, மாரியம்மன் கோயிலேயாகும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளை எனப் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளெங்கும் வேட்பாளர்கள் கோயில் வாசலிலே வந்திறங்குகின்றனர். அருச்சனை நடக்கிறது, பரிவட்டம் கட்டப்படுகிறது, சிதறுதேங்காய் உடைகிறது. பகுத்தறிவு பேசும் பட்டதாரிகள் இக்காட்சியைக் கண்டு நகைப்பர். நகைப்பதற்கு அதிலே பெரிதாக ஒன்றுமில்லை. தேர்தலிலே நிற்பவன் தெய்வத்தை வணங்கலாகாது என்று எந்த ஜனநாயகமும் விதித்ததில்லை. கதிர்காமம் ஊவா மாகாணத்திலேதான் உள்ளது. கட்சி வேறுபாடும் இன வேறுபாடுமின்றி நாட்டின் அரசியல்வாதிகள் அங்கே கைகூப்பி நின்றிருக்கின்றனர். கண்டனத்துக்குரியது வேட்பாளரின் பக்தியன்று. அவருடைய வாகனம் மலையிறங்கிச் சென்ற பின்னர், இரவிலே, அதே கோயிலின் முன்பு நிகழ்வதே கண்டனத்துக்குரியது.

தோட்டத் தலைவரோ வேட்பாளரின் ஆளொருவரோ லயத்துக் குடும்பத்தவரை அழைத்து நிறுத்துவர். தட்டிலே கற்பூரம் எரியும். இன்ன சின்னத்துக்கு, இன்ன விருப்பு இலக்கத்துக்கு என்று சொல்லி அச்சுடரின்மேல் அடித்துச் சத்தியம் செய்தல் வேண்டும். தவறினால் ஆத்தா கேட்பாள் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. இவ்வழக்கம் எந்தவொரு கட்சியினதும் தனியுடைமையன்று. 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலோடு விருப்பு வாக்கு முறை நடைமுறைக்கு வந்தபின், ஒரே பட்டியலில் நிற்கும் இருவர்கூட ஒருவரையொருவர் முந்துதற்கு ஒரே அம்மனைச் சாட்சிக்கு அழைக்கும் விந்தையும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டிலே வாக்குக்குப் பணம் கொடுப்போர் பணத்தோடு சத்தியத்தையும் வாங்கிக்கொள்வதுண்டு. தோட்டத்திலோ பணமும் மிச்சம், சத்தியமே போதுமானதாகிறது.

இக்கட்டு மலையகத்துக்குப் புதியதன்று. கங்காணி முறை கோலோச்சிய காலத்திலே ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் பெயரிலே கங்காணி எழுதிவைத்த கடன் தீர்ந்தாலன்றி அவன் தோட்டத்தை விட்டு அகல முடியாது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்பதே அச்சீட்டின் வாசகம். புதிய தோட்டம் கடனைச் செலுத்தும். கடன் மட்டும் தொழிலாளியோடு புதிய தோட்டத்துக்கும் நடந்து செல்லும். கணக்கைப் படித்தறிய அவனுக்கு எழுத்தில்லை, மறுத்துரைக்க நீதிமன்றமுமில்லை. 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காகிதத் துண்டு போயிற்று. கற்பூரத் துண்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்று உழைப்பைக் கட்டியது கடன். இன்று வாக்கைக் கட்டுவது சத்தியம். இரண்டிலும் கட்டுண்டவன் ஒருவனே. ஆதாயம் அடைபவன் வேறொருவன்.

இவ்வாக்கு எளிதிலே கிடைத்ததாயின் இதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. பதுளையிலே எஸ். எம். சுப்பையா வெற்றி பெற்றார். அவ்வெற்றிக்குக் கிடைத்த பரிசு 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இலே வாக்குரிமையைப் பறித்த திருத்தமும் ஆகும். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரஸுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை. 1964, 1974 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் மக்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டன. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும், எஞ்சியோருக்காக 2003இலும் இயற்றப்பட்டன. பாட்டன் இழந்த வாக்கு பேரனின் கைக்கு வந்துசேர இத்துணைக் காலம் சென்றது. வந்த வாக்கை வாக்குச்சாவடி வாசலுக்கு முன்னரே கோயில் வாசலிலே பறித்துக்கொள்வோர், அப்பேரனின் பிரதிநிதிகள் எனத் தம்மை அழைத்துக்கொள்கின்றனர்.

சட்டம் இதனை அறியாததன்று. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், வாக்காளருக்கு உலகியல் தீங்கு மட்டுமன்றி ஆன்மிகத் தீங்கு நேருமென அச்சுறுத்துதலையும் தகாத செல்வாக்கு என்னும் குற்றமாக்குகிறது. மதக் கூட்டத்திலே வாக்குக் கேட்டுப் பேசுவதும் வழிபாட்டிடத்திலே வேட்பாளருக்காகக் கூட்டம் நடத்துவதும் அக்குற்றத்துள் அடங்கும். இக்கருத்து ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து வந்தது. 1872இலே அயர்லாந்தின் கால்வே தொகுதியிலே கத்தோலிக்கக் குருமார் செலுத்திய ஆன்மிக அச்சுறுத்தலைக் காட்டி நீதிபதி கியோ ஒரு தேர்தலையே செல்லாதாக்கினார். இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை மருட்டுவதை ஊழலென்றே கொள்கிறது. ஆயினும் பதுளை நீதிமன்றத்திலே நின்று, “மாரியம்மனுக்கு அஞ்சினேன்” என்று எந்தத் தொழிலாளி முறையிடுவான்? முறையிடுவதே தெய்வ நிந்தையாகிவிடும் அன்றோ? குற்றத்தின் கருவியே குற்றத்துக்குக் காவலாகவும் நிற்பதனால்தான் இவ்விடயத்திலே சட்டம் ஊமையாகிறது.

தோட்டத்துக் கோயிலே தொழிலாளரின் முதற் சங்கம் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்திலே உண்மையுண்டு. துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துள் நுழைய முடியாத காலத்திலே, மக்கள் ஒன்றுகூட இடமளித்தவை திருவிழாவும் காமன் கூத்துமே. ஆலைச் சக்கரத்துக்கு ரோதைமுனியையும், கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமியையும் படைத்துக்கொண்ட மக்கள், தம் உழைப்பையே தெய்வமாக்கியவர்கள். அந்நம்பிக்கையை மூடத்தனமென்று ஒதுக்கும் அறிவாளி மலையகத்தை அறியாதவன். எனினும் ஒன்றுகூடுவது வேறு, கட்டுண்பது வேறு. 1940ஆம் ஆண்டு மே மாதத்திலே ஊவாவின் வேவெஸ்ஸைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தெரிவு செய்த சபையொன்றை அமைத்து, அதனோடு கலந்து பேசத் துரையை உடன்படச் செய்தனர். அச்சபையின் வலிமை தெரிவிலே பிறந்தது. கற்பூரத்தின் முன் கூட்டப்படும் இன்றைய கூட்டத்திலோ தெரிவு என்பதே நீக்கப்பட்டுவிடுகிறது. கோயிலை முதற் சங்கம் என்று புகழ்வோரே அதனைக் கடைசிச் சங்கமாகவும் ஆக்கிவிடுகின்றனர்.

பெரும்பான்மையினர் மதத்தை அரசியலாக்கும்போது சிறுபான்மையினர் மட்டும் ஏன் வாளாவிருத்தல் வேண்டும் என்பது மற்றொரு வாதம். 1956இலே எக்சத் பிக்கு பெரமுன ஓர் அரசாங்கத்தை ஆட்சியிலமர்த்த உழைத்தது. 2004இலே ஜாதிக ஹெல உறுமயவின் பிக்குகள் ஒன்பதின்மர் பாராளுமன்றம் புகுந்தனர். அரசியலமைப்பே பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்குகிறது. இவையனைத்தும் மெய். இவை மெய்யாதலாலேதான் அவ்வழி ஆகாது. பதுளை மாவட்ட மக்களிலே மலையகத் தமிழர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே. தேர்தற்களம் கோயிலுக்கும் விகாரைக்குமிடையிலான போட்டியாகுமாயின் அதிலே எது தோற்கும் என்பதறியக் கணிதம் வேண்டியதில்லை. ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களிலே இந்துவும் கத்தோலிக்கரும் புதிய சபைகளைச் சேர்ந்தோரும் வாழ்கின்றனர். கற்பூரத்தின் பெயரால் கேட்கப்படும் வாக்கு, அடுத்த காம்பராக்காரனை அந்நியனாக்கியே கேட்கப்படுகிறது.

சத்தியம் ஒருவழிப்பட்டது என்பதே இதிலுள்ள பெருங்கொடுமை. வாக்காளன் அடிக்கிறான், வேட்பாளர் அடிப்பதில்லை. 2015இலே எழுந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை, இரண்டு பாராளுமன்றத் தேர்தல்களைக் கடந்து, சம்பளச் சபையின் வாயிலாக 2021இலேதான் நிறைவேறியது. அதனைத் தருவேன் என்று எவராவது கற்பூரத்தின்மேல் அடித்ததுண்டோ? 2014 செப்டெம்பர் 20ஆம் நாள் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. முப்பத்தொன்பது நாட்களின் பின், ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் வாழ்தற்குரியதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அம்மக்களைப் பாதுகாப்பான நிலத்திலே குடியமர்த்துவேன் என்பது, மலையிலே ஒருவர் கற்பூரத்தின்மேல் அடித்துச் சொல்லியிருக்கத்தக்க சத்தியமாகும்.

சத்தியத்துக்கு முன்பணமாகத் தரப்படும் கோயிற் கூரையும் ஒலிபெருக்கியும் யாருடையவை? பன்முகப்படுத்தப்பட்ட நிதி பொதுமக்களின் வரிப்பணம். கோயிலோ, தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்த சந்தாவினால் எழுந்தது. அவர்கள் கட்டிய கோயிலுக்கு அவர்களுடைய பணத்திலே தகரம் போட்டுவிட்டு, அதற்கு நன்றிக்கடனாக அவர்களுடைய வாக்கையும் கேட்பதற்குத் தனியொரு துணிவு வேண்டும். கங்காணியாவது கடன் என்று எழுதும்முன் சில ரூபாவைக் கையிலே கொடுத்தான்!

மக்கள் சத்தியத்தைப் பொருட்படுத்தாது வாக்களிக்கின்றனர், 2024 நவம்பர் தேர்தலே அதற்குச் சான்று எனச் சிலர் ஆறுதல் கூறக்கூடும். அத்தேர்தலிலே பழைய சேவலையும் யானையையும் விடுத்துத் திசைகாட்டி பதுளையின் ஒன்பது ஆசனங்களில் ஆறினைப் பெற்றது. கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் அப்பட்டியலிலிருந்து தெரிவாயினர். சேவல் முருகன் கொடியிலுள்ள பறவை என்பதைத் தோட்டத்துக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திசைகாட்டிக்கோ புராணமே இல்லை. ஆயினும் வாக்கெண்ணிக்கை ஒன்றையே பார்ப்போர், சத்தியத்தை மீறியவளின் மனத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மலையிலே கால் சறுக்கினால், அட்டை மறைப்புக்குள்ளே தான் இட்ட புள்ளடியே அதற்குக் காரணமென அவள் அஞ்சுகிறாள். தோற்ற வேட்பாளர் அடுத்த தேர்தலுக்கு ஆயத்தமாகிறார். அவர் வைத்துச் சென்ற அச்சமோ லயத்திலேயே தங்கிவிடுகிறது.

இவ்வச்சத்தைப் பல்கலைக்கழக நாத்திகம் நீக்கமாட்டாது; நீக்கத்தக்கவர் பூசகரும் கோயிற் பரிபாலன சபையினருமே. வற்புறுத்திப் பெற்ற சத்தியம் தெய்வத்தைச் சேராது என்பதை வெள்ளிக்கிழமைப் பூசையிலே அவர்கள் வாய்திறந்து கூறலாம். கூறுவதற்கு எந்தக் கட்சியினதும் அனுமதி வேண்டியதில்லை. கொழும்பிலும் பதுளையிலும் அறிக்கை விடுவதற்குத் தயங்காத இந்து மன்றங்கள், பூசகருக்குத் துணையாக இவ்வோர் அறிக்கையையும் விடலாம். வேட்புமனு ஏற்கும் நாள் முதல் வாக்களிப்பின் மறுநாள் வரை எவரிடமிருந்தும் நன்கொடை பெறுவதில்லை எனப் பரிபாலன சபைகள் தீர்மானிக்கலாம். அத்தீர்மானத்தையும், கோயிற் கட்டடத்துக்குத் தொழிலாளர் செலுத்திய சந்தாக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி, வேட்பாளர் வந்திறங்கும் வாசற் சுவரிலே ஒட்டிவைக்கலாம்.