பார்த்தது போதும், பிள்ளைகள் செய்யட்டும்

காரைக்காலுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் தருமபுரம். ஆதீன மடம் இருக்கும் மயிலாடுதுறைத் தருமபுரம் வேறு. எங்கள் ஊர்ச் சிவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவருடைய பதிகங்களை யாழில் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாய் பிறந்த ஊர். இங்கே வந்தபோது, பாணர் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்கு இத்தனை புகழ் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். முதல் திருமுறையின் கடைசிப் பதிகமாக, 136ஆவதாக, அது இன்றும் இருக்கிறது. பாணர் வாசித்துப் பார்த்தார், வரவில்லை. யாழையே உடைக்கப் போனவரைச் சம்பந்தர் தடுத்து ஆறுதல் சொன்னார்.

ஏன் வரவில்லை என்பதற்கு இசை அறிஞர்கள் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்து வளைப்பதுபோல யாழில் வளைக்க வழியில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போகும் கமகம் அதில் பிடிபடாது. மட்டக்களப்பு தந்த விபுலானந்த அடிகள் இந்தப் பழைய யாழ்களை ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. எங்கள் ஊர்ப் பதிகத்தை ஓதுவார்கள் இப்போது அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். அந்த ராகத்துக்கு வளைவும் இழைவும்தான் உயிர்.

இத்தனையும் இந்த வாரம் எழுதக் காரணம் ஒரு கணினி விளையாட்டு. சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. இணையத்துக்கு என் கைப்பேசி. கூகுள் 2016இல் வெளியிட்ட ‘குரோம் மியூசிக் லேப்’ என்ற தளத்தில் ‘சாங் மேக்கர்’ என்று ஒன்று உண்டு. திரை முழுக்கக் கட்டங்கள். கீழ்வரிசையில் தாழ்ந்த சுரம், மேலே போகப் போக உயர்ந்த சுரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கட்டத்தைத் தொட்டால் அந்தச் சுரம் ஒலிக்கும். இடமிருந்து வலமாகக் கோடு ஓடும்போது நிரப்பிய கட்டங்கள் பாட்டாகிவிடும். பணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர்கூடக் கேட்காது. செய்து முடித்த பாட்டை ஓர் இணைப்பாகச் சேமித்து யாருக்கும் அனுப்பலாம்.

அமைப்புகளில் ஐந்து சுர வரிசையைத் தேர்ந்தால் கிடைப்பவை நம் மோகன ராகத்தின் சுரங்கள். ச ரி க ப த. எந்தக் கட்டத்தை எப்படித் தொட்டாலும் கேட்க இதமாக இருக்கும். சங்கீதம் கற்காத பிள்ளைகூடப் பத்து நிமிடத்தில் ஒரு மெட்டுப் போட்டுவிடும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! தான் செய்தது ஒலிக்கிறது என்று தெரிந்த நொடியில் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அவளுடைய அம்மாச்சி தம்பிப் பாப்பாவுக்குப் பாடும் தாலாட்டை அதில் போட வேண்டும் என்று உட்கார்ந்தாள். முதலில் காதால் கேட்டுக் கட்டங்களை நிரப்பினாள். சரியில்லை. அந்தத் தளத்தில் ஒலிவாங்கிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. பாடினால் அது சுரத்தைக் கண்டுபிடித்துக் கட்டத்தில் போடும். அம்மாச்சியையே அழைத்து வந்து பாடச் சொன்னாள். அவர் முதல் இழுப்பை இழுத்ததும் திரையில் தனித்தனியாகக் கட்டங்கள் விழுந்தன. போட்டுக் கேட்டால் படிக்கட்டில் ஏறி இறங்குகிற சத்தம். “டீச்சர், அம்மாச்சி பாடுறது ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கு. இதுல அந்த இடமே இல்ல” என்றாள் அவள்.

கமகம் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக ஒரு குழந்தை சொல்லிவிட முடியாது. நான் அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போய் யாழ்ப்பாணர் கதையைச் சொன்னேன். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலைப் பார்ப்பவள்தான், கதையும் கேட்டவள்தான். அன்றைக்குத்தான் அந்தக் கதையில் ஒரு கேள்வி இருக்கிறது என்பது அவளுக்குப் பட்டது. வீணையில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டாள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு வீணை இன்றைய வடிவத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள் என்ற இடம் வரைக்கும் பேச்சு போனது.

எளிய கருவிகளின் பயனே இதுதான் என்று நினைக்கிறேன். அவற்றின் எல்லை கிட்டத்திலேயே இருக்கிறது. பெரிய மென்பொருளை வாங்கிக் கொடுத்தால் அதைக் கற்கவே ஒரு வருடம் ஆகும். அதன் எல்லையைப் பிள்ளை பார்க்கவே பார்க்காது. இந்தக் கட்டங்களில் அரைமணி நேரத்தில் முட்டிக்கொள்ளலாம். முட்டிய இடத்தில் கேள்வி பிறக்கிறது. ஆசிரியர் அங்கே இருந்தால் போதும்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. கலையோடு இணைந்த கற்றலை சி.பி.எஸ்.இ. 2020இல் வலியுறுத்தி, அதைச் செயல்திட்டங்களாகச் செய்ய வைத்தது. நோக்கம் மிக நல்லது. அது வீட்டுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதைக் காரைக்காலின் எந்த நெட் சென்டரிலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கலாம். அப்பா தாளில் எழுதி வந்த தலைப்பைக் கடைத்தம்பி கூகுளில் தேடுவார். நான்கு படம், இரண்டு பக்க ஆங்கிலம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். மறுநாள் அதற்கு மதிப்பெண். கடைக்காரரையோ பெற்றோரையோ குறை சொல்ல முடியாது. அழகாக பைண்ட் செய்த தாளுக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரசுகள் இணையவழிக் கல்விக்குச் செய்தவை நிறைய. 2017இல் மத்திய அரசின் திக்‌ஷா, 2023இல் தமிழ்நாட்டின் மணற்கேணி என்று நல்ல காணொளிகள் குவிந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் எல்லாமே பார்ப்பதற்கு. பிள்ளை தானே ஒன்றைச் செய்ய நேரமும் இடமும் ஒதுக்குவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

தமிழில் செய்து பார்க்க எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘ஸ்டோரிவீவர்’. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில், உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கிய தளம். லாபநோக்கில்லாத நிறுவனம் அது. படக்கதைகள் தமிழிலும் இந்தியாவின் மற்ற மொழிகளிலும் உலக மொழிகளிலும் கிடைக்கின்றன. படிப்பதோடு நின்றுவிடாமல், அங்கே இருக்கும் ஓவியங்களை எடுத்து நாமே ஒரு கதை எழுதலாம், வேறு மொழிக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவரலாம். கதைகளைப் படிப்பவரின் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடு பெரிய ஆசிரியர். ‘மிகவும் அழகான பெரிய’ என்று எழுதிய பையன் மூன்றில் எதை வெட்டுவது என்று தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் ‘பெரிய’ மட்டும் தங்கியது.

கதையின் கடைசியில் ஒரு பக்கம் வரும். மூலக்கதை யாருடையது, மொழிபெயர்த்தவர் யார், எந்தப் படத்தை யார் வரைந்தார் என்றெல்லாம் அதில் இருக்கும். பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற பொது உரிமத்தில் இந்தக் கதைகள் வெளியாகின்றன. அடுத்தவர் உழைப்பை எடுத்தால் பெயர் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். நெட் சென்டர் புராஜெக்டில் அந்தப் பக்கம் கிடையாது.

எங்கள் பிள்ளைகள் மாங்கனித் திருவிழாவைக் கதையாக்க நினைத்தார்கள். ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா வரும்போது வீடுகளின் மேலிருந்து மாம்பழங்களை இறைப்பார்களே, அந்தக் காட்சிக்குப் பொருத்தமான படம் தேடியும் கிடைக்கவில்லை. மாமரம் இருந்தது, கூட்டம் இருந்தது, யானைகூட இருந்தது. பழம் பிடிக்கக் கையைத் தூக்கிய காரைக்கால் கூட்டம் இல்லை. அப்புறம் சார்ட் பேப்பரில் அவர்களே வரைந்து, கைப்பேசியில் படமெடுத்து, கூகுள் ஸ்லைட்ஸில் வைத்து எழுதினார்கள். ஒரு படத்தில் பிச்சாண்டவரைவிட மாம்பழம் பெரிதாக இருக்கிறது. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராச்’ பலருக்கும் தெரிந்திருக்கும். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் தயார். கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமே இல்லாமல் வேலை செய்யும். அதில் பேனா என்று ஒரு வசதி. பத்து அடி நகர், பத்து பாகை திரும்பு, இதை 36 முறை செய் என்றால் வட்டம் வரும். ஒன்பது முறை என்றால் கால் வட்டம். கால் வட்டமும் நேர்கோடும் கைக்கு வந்துவிட்டால் சிக்குக் கோலம் போடலாம். புள்ளியைச் சுற்றி எங்கே வளைவது, எங்கே குறுக்கே போவது என்று ஒரு பையன் தன் அம்மாவிடம் போய்க் கேட்டான். வாசலில் தினமும் அவர் போடுகிற கோலத்தை அவன் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. “இங்க திரும்பி, அங்க உள்ள போயி, ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சேரணும்டா” என்று அவர் தரையில் விரலால் காட்டினார். கணினிக்குக் கொடுக்க வேண்டிய கட்டளையும் அதேதான்.

நம் ஊரில் இது புதிதும் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள். வெளிநாட்டிலும் புதிதில்லை: பிள்ளைகளுக்கான கணினி மொழியாகிய லோகோவை சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் உருவாக்கியது 1967இல். நிரலைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்பவர்களுக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி இருக்கிறது.

கான்வா பற்றியும் கேட்பீர்கள். அதைத் தொடங்கிய மெலனி பெர்கின்ஸ் அதற்கு முன்பு ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு மலர் வடிவமைக்கும் சேவை நடத்தியவர். அழைப்பிதழுக்கும் ஆண்டு விழா பேனருக்கும் அருமையான கருவி, பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசமாகவும் தருகிறார்கள். ஆனால் வார்ப்பு முன்பே தயாராக இருப்பதால் எல்லாப் பிள்ளைகளின் வேலையும் ஒரே முகமாகிவிடுகிறது. பாடத்துக்கு நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். எந்தக் கருவியானாலும், தமிழில் தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்தையே பழக்குங்கள். முக்தா மலர், மீரா இனிமை, பவனம் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. பழைய எழுத்துருவில் அடித்தால் அடுத்த கணினியில் திறக்கும்போது பொருளில்லாத குறிகளாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். இலவசம் என்றதும் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாவற்றையும் கொடுத்துக் கணக்குத் தொடங்க விடாதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. கணக்கே கேட்காத கருவிகளில் தொடங்குங்கள். கணக்கு வேண்டும் என்றால் ஆசிரியருடைய ஒரே கணக்கில் வகுப்பு முழுவதும் வேலை செய்யட்டும்.

வகுப்புக்கு ஒரு கணினி போதுமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். போதும். நான்கு பேர் சேர்ந்து உட்காரும்போது ஒருவர் கையில் மவுஸ், மற்ற மூவர் வாயில் யோசனை. தனித்தனியாக உட்கார வைத்ததைவிட அப்போதுதான் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் சண்டை போடுகிறார்கள், கடைசியில் வருவதும் நன்றாக இருக்கிறது.

காரைக்கால் மாவட்டத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி அறையின் சாவியை வாரத்தில் ஒரு பீரியடாவது தமிழ் ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் கொடுங்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்டு வரும் புராஜெக்டுக்கு மதிப்பெண் போடுவதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். பிள்ளை உங்கள் எதிரில் உட்கார்ந்து செய்ததற்கு, அது பாதியில் நின்றிருந்தாலும், மதிப்பெண் கொடுங்கள்.