தொட்டால் தீட்டு: கேஷ் ஐசா கூத்து

லண்டன் பக்கம் பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு இது. ஊர்ல இருக்குறவங்க "நமக்கென்ன"ன்னு ஓடிடாதீங்க, வங்கிக்காரன் புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1999 ஏப்ரல்ல பிரிட்டன் அரசாங்கம் ஐசான்னு ஒரு சேமிப்புக் கணக்கைக் கொண்டு வந்தது. அதுல வர்ற வட்டிக்கு வரி கிடையாது. வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு ஒரு வரம்பு உண்டு, 2017 ஏப்ரல்ல அதை 20,000 பவுண்டு ஆக்கினாங்க. பங்குச்சந்தை வம்பே வேணாம், பணம் பேங்க்ல கிடந்தா போதும்கிறவங்களுக்கு கேஷ் ஐசா. நல்ல திட்டம்தான், மறுக்கல.

என் கோபமெல்லாம் பணத்தை ஒரு வங்கியில இருந்து இன்னொரு வங்கிக்கு மாத்துற விதி மேலதான். முதல் வருஷம் ஆசை காட்டி நல்ல வட்டி கொடுப்பான். பன்னிரண்டு மாசம் முடிஞ்சதும் "போனஸ்" போயிடும், வட்டி தரையைத் தொடும். அப்ப நீங்க என்ன செய்வீங்க? இங்க எடுத்து அங்க போடுவீங்க. அங்கதான் ஆப்பு. உங்க பணத்தை நீங்களே கையால எடுத்துட்டா தீட்டுப் பட்டுடும். வரியில்லாங்கிற தகுதி அந்த நிமிஷமே காலி. புது வங்கியில போட்டா அது இந்த வருஷத்துப் புதுப் பணம்னு கணக்காகும். முறைப்படி செய்யணும்னா புது வங்கியில டிரான்ஸ்ஃபர் ஃபாரம் நிரப்பணும், ரெண்டு வங்கியும் தங்களுக்குள்ள பேசிக்குவாங்க.

என் நண்பன் ஒருத்தன் மூணு வருஷமா சேர்த்த 45,000 பவுண்டை இப்படித்தான் எடுத்தான். அவன் வங்கியோட ஆப்ல "பணம் எடு"ங்கிற பொத்தான் கொட்டை எழுத்துல இருக்கு, எடுத்தா என்ன ஆகும்னு ஒரு வரி இல்லை. திரும்ப ஐசாவுக்குள்ள போட முடிஞ்சது 20,000 மட்டும். மீதி 25,000 வெளியே. நாலு சதவீதம்னா வட்டி வருஷத்துக்கு 1,000 பவுண்டு. 40 சதவீத வரி கட்டுற அவனுக்கு வட்டியில 500 பவுண்டுக்குத்தான் விலக்கு. மீதி 500க்கு வரி 200 பவுண்டு, வருஷா வருஷம். ஒரு பொத்தானுக்கு!

சரி, ஃபாரமே நிரப்புவோம். எவ்வளவு நாள் ஆகும்? 15 வேலை நாள் வரைக்கும். இதே நாட்டுல 2008லயே நொடியில பணம் போற வசதி வந்தாச்சு. 2013ல இருந்து நடப்புக் கணக்கை சம்பளம், டைரக்ட் டெபிட் சகிதமா 7 வேலை நாள்ல மாத்திக் கொடுக்குறாங்க. கேஷ் ஐசாவுக்கும் 2010ல நுகர்வோர் அமைப்பு ஒண்ணு புகார் கொடுத்த பிறகுதான் 23 நாளா இருந்ததை 15 ஆக்கினாங்க. அதோட சரி. ரெண்டு டேட்டாபேஸ் பேசிக்க மூணு வாரம் ஆகும்னு நான் சொன்னா மேனேஜர் என்னையே ஆணியா நெனச்சுப் புடுங்கிடுவார்.

இதுல இன்னொரு கூத்து. பழைய வங்கி பணத்தை விட்டே ஆகணும், ஆனா புது வங்கி வாங்கிக்கணும்னு கட்டாயம் இல்லை. நல்ல வட்டின்னு ஓடிப்போய்ப் பார்த்தா கீழே பொடி எழுத்துல "டிரான்ஸ்ஃபர் ஏற்பதில்லை".

"தொட விட்டா வரம்பை மீறி ஏமாத்துவாங்களே"ன்னு கேப்பீங்க. 2016 ஏப்ரல்ல ஃப்ளெக்சிபிள் ஐசான்னு ஒண்ணு வந்தது. எடுத்த பணத்தை அதே வரி வருஷத்துக்குள்ள அதே கணக்குல திருப்பிப் போட்டா தீட்டு இல்லை. அதைக் கணக்கு வச்சுக்க முடியுதுல்ல? ஆனா அதைக் கொடுக்குறதும் கொடுக்காததும் வங்கி இஷ்டம். நண்பனோட வங்கி கொடுக்கல. அதைக் கட்டாயமாக்குங்க. கூடவே, எடுத்து 30 நாளுக்குள்ள வேற வங்கி ஐசாவுல போட்டா, பழைய வங்கி கொடுக்குற சான்றிதழை வச்சு அதை டிரான்ஸ்ஃபராவே ஏத்துக்கங்க. இதுல ராக்கெட் விஞ்ஞானம் ஏதும் இல்லை.

2024 ஏப்ரல்ல ஒரு நல்லது செஞ்சாங்க. அதுவரை ஒரு வருஷத்துல ஒரே ஒரு கேஷ் ஐசாவுலதான் புதுப் பணம் போடலாம், அதை மாத்தி எத்தனை வேணும்னாலும் திறக்கலாம்னாங்க. கதவைத் திறந்த கையோட 2025 நவம்பர் பட்ஜெட்ல ரேச்சல் ரீவ்ஸ் இன்னொரு கதவைச் சாத்தினார். 2027 ஏப்ரல்ல இருந்து 65 வயசுக்குக் கீழே இருக்குறவங்களுக்கு கேஷ் ஐசா வரம்பு 12,000தான். பங்கு ஐசாவுல இருந்து கேஷ் ஐசாவுக்கு மாத்தவும் முடியாது. உள்ளே போகலாம், திரும்ப வர முடியாது. சந்தை இறங்கும்போது பதறுறவன் பதறிக்கிட்டே இருக்கணுமாம்.

"20,000 சேமிக்கிறவன் பணக்காரன், அவனுக்கு என்ன அழுகை"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். பணக்காரனுக்கு ஃபாரம் நிரப்ப ஆளு இருக்கு சார். வீட்டு டெபாசிட்டுக்காக மாசம் 300 போடுறவன்தான் அந்தப் பொத்தானை அமுக்குறான்.

டிஸ்கி: நாடு திரும்புற ஐடியா இருக்குறவங்களுக்கு. பிரிட்டனை விட்டுக் கிளம்பினாலும் ஐசாவை வச்சிருக்கலாம், புதுசா பணம் போட முடியாது. இந்தியாவுல நீங்க முழுசா 'ரெசிடென்ட்' ஆகிட்டா அந்த வட்டி மத்த வட்டி மாதிரிதான், வரி உண்டு. வரியில்லாங்கிற சமாச்சாரம் ஹீத்ரோவோட சரி :-)