தாமதமாய் வந்த சாஸ்திரிகள்



சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஓர் இளம் தம்பதியர் ஜெபத்திற்காக என்னிடம் வந்தனர். சகோதரன் மூணாறு மலையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் பிறந்து வளர்ந்தவர். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறார். சகோதரி பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தார். மடியில் ஒரு மாதக் குழந்தை. காலடியில் இரண்டு வயது மூத்தவன், என் செருப்பை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

அவர்களுடைய விண்ணப்பம் இதுதான்: "பாஸ்டர் ஐயா, கிறிஸ்துமஸுக்கு மலைக்குப் போகணும். பிரயாணத்துக்காக ஜெபம் பண்ணுங்க."

சகோதரி தலை நிமிரவில்லை. அந்த மௌனத்தை நான் அறிவேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலும் அதே மௌனம் இருந்தது.

சகோதரன் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். அவருடைய தகப்பனாருக்கு மார்ச் மாதத்தோடு தோட்ட வேலை முடிகிறது. குடும்பத்தில் வேறொருவரும் தோட்டத்தில் வேலை செய்யாததால், லயத்து வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று தலைமுறையாய் வாழ்ந்த அந்தக் கூரையின் கீழ் இதுவே கடைசி கிறிஸ்துமஸ். இரண்டு பேரப்பிள்ளைகளையும் அங்கே ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று பெரியவர் கேட்கிறார்.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலையேறிய நம் முன்னோர் அந்த மலையில் உழைத்தார்கள். ஆனால் குடியிருந்த வீடு அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. ஆகவே அந்தச் சகோதரனுடைய விருப்பத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் உடனே ஜெபித்து அனுப்பிவிடவும் என்னால் கூடவில்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

1999-ஆம் ஆண்டு

அப்பொழுது நான் வேதாகமக் கல்லூரியில் கற்று முடித்து, ஊழியத்தில் சில ஆண்டுகளே ஆனவன். எங்கள் குழந்தைக்கு மூன்று மாதம். இடுக்கி மலையில் ஒரு தோட்டத்து ஜெபவீட்டில் கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்கு என்னை அழைத்திருந்தார்கள். "குழந்தைக்குக் குளிருமே" என்று என் மனைவி ஒரேயொருமுறை சொன்னாள். "கர்த்தருடைய வேலைக்குப் போகிறோம், அவர் பார்த்துக்கொள்வார்" என்று நான் பதிலுரைத்தேன். அது விசுவாசம் என்று அன்று எண்ணினேன்.

ஆராதனை பின்னிரவு வரை நீடித்தது. உறைபனி விழும் மலை அது. தங்கிய வீட்டில் குளிர்காய அடுப்பைப் புகையவிட்டிருந்தார்கள். அன்பினால் சபையார் அனைவரும் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி முத்தமிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் குழந்தை பால் குடிக்க மறுத்தது, மூச்சு வாங்கியது, விலாவெலும்பின் கீழே சதை உள்ளே இழுத்தது. ஜீப்பில் மலையிறங்கி, ஏழு நாள் மருத்துவமனையில் இருந்தோம். நிமோனியா. தேவகிருபையால் பிள்ளை பிழைத்தது. அந்த ஏழு நாளும் என் மனைவி என்னை ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

இந்தச் சம்பவத்தை அந்தத் தம்பதியரிடம் சொன்னேன். பின்பு வேதத்தைத் திறந்தோம்.

முன்னணையும் வீடும்

கிறிஸ்துமஸ் குடிலில் நாம் எல்லாரையும் ஒரே இரவில் நிறுத்திவிடுகிறோம். மேய்ப்பர் ஒரு பக்கம், ஒட்டகத்தோடு சாஸ்திரிகள் மறுபக்கம், நடுவில் முன்னணை. வேதம் அப்படிச் சொல்லவில்லை. லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர் காண்பது முன்னணையில் கிடத்தப்பட்ட பச்சிளங்குழந்தை. மத்தேயு 2:11-இல் சாஸ்திரிகள் வந்து சேருவது ஒரு வீட்டிற்கு. நட்சத்திரம் காணப்பட்ட காலத்தை விசாரித்தறிந்த ஏரோது, இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகளைக் குறிவைத்தான். ஆகவே அவர்கள் வந்தபோது பிள்ளை ஒருவேளை தத்தித் தத்தி நடக்கும் பருவத்தில் இருந்திருக்கலாம்.

இதை நான் சொன்னபோது சகோதரி முதன்முறையாகத் தலைநிமிர்ந்து, தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். முன்னணையிலிருந்த வயதில் ஒன்று. அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடிய வயதில் மற்றொன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறைமாதத்தில் மரியாள் நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் சென்றது அகுஸ்துராயனின் குடிமதிப்புக் கட்டளையினால், பண்டிகைக்காக அன்று. பிள்ளை பிறந்தபின் லூக்கா காட்டும் முதல் பயணம் எருசலேமுக்கு. அதுவும் லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தின்படி சுத்திகரிப்பின் நாற்பது நாள் நிறைவேறிய பின்பு. தூரமோ ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். தாய்க்கு ஓய்வு என்பது நாகரிகக்காரர் கண்டுபிடித்த சொகுசு அல்ல.

சாஸ்திரிகள் தாமதமாகவே வந்தார்கள். மேய்ப்பரோடு வரவில்லையே என்று அந்த வீட்டில் யாரும் முகம் சுளித்ததாக வேதம் சொல்லவில்லை. அவர்களுடைய பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் காலங்கடந்த காணிக்கையாகவும் எண்ணப்படவில்லை. டிசம்பர் 25 என்னும் தேதியை வேதம் நமக்குக் கட்டளையிடவுமில்லை. இதனாலேயே நம் சபைகளில் சிலர் இந்நாளை ஆசரிப்பதில்லை. ஆசரிக்கிற நாமும் ஒரு தேதிக்காக ஒரு மாதப் பிள்ளையின் மூச்சைப் பணயம் வைக்கலாமா?

மருத்துவர் சொன்னது

"முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், பிறகு அப்பாவிடம் பேசுங்கள்" என்று சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். பிரயாணத்திற்காக அல்ல, ஞானத்திற்காக ஜெபித்தேன்.

மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸன்று குழந்தைக்கு இரண்டு மாதம்கூட நிறைந்திருக்காது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடவேண்டிய தடுப்பூசிகளில் ஒரு தவணையே முடிந்திருக்கும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர் வழியாக மூணாறு செல்வது, உடுமலையிலிருந்து மட்டுமே ஏறக்குறைய 85 கிலோமீட்டர் மலைப்பாதை. ஏறிச் சேருமிடம் கடல்மட்டத்திற்கு 1500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில். பதினான்காம் வாரத் தடுப்பூசி முடிந்து, குளிர் தணிந்தபின், பகல்வேளையில் செல்லலாம் என்பது அவருடைய ஆலோசனை.

பெரியவரிடம் சொன்னபோது அவர் போனை வைத்துவிட்டார். பத்து நாள் மகனோடு பேசவில்லை. சகோதரன் கலங்கிப்போனார். பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளையை மீறிவிட்டேனோ என்று என்னைக் கேட்டார். "தகப்பனைக் கனம்பண்ணுவது உன் கடமை தம்பி. அவருடைய பேரப்பிள்ளையைக் காப்பதும் அவரைக் கனம்பண்ணுவதே. ஆனாலும் தினமும் போன் செய், அவர் எடுக்காவிட்டாலும் செய்" என்றேன். அப்படியே செய்தார்.

பிள்ளைகளின் அளவுக்கு ஒரு பண்டிகை

அவர்கள் கொழிஞ்சாம்பாறையிலேயே பண்டிகை கொண்டாடினார்கள். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் மார்கழிக் காற்றுக்கு ஜன்னலை மறைத்து, இரு பிள்ளைகளின் நேரத்தையும் மாற்றாமல் வைத்தார்கள். மாலை ஆறரைக்கே குடும்ப ஜெபம். முன்னணையில் சிறு பொம்மையைக் கிடத்தும் வேலை மூத்தவனுக்கு. அவன் அதை நூறுமுறை எடுத்து நூறுமுறை கிடத்தினானாம்.

தம்பி தங்கை பிறந்த வீட்டில் மூத்தது அடம்பிடிப்பதும், விட்ட பால்புட்டியை மீண்டும் கேட்பதும் துஷ்டத்தனம் அல்ல. தன் இடம் போய்விட்டதோ என்னும் பயம். ஈசாக்கு பால்மறந்த நாளின் விருந்திலேயே ஆபிரகாமின் வீட்டில் பிள்ளைகளினிமித்தம் மனவருத்தம் எழுந்ததை ஆதியாகமம் 21-இல் வாசிக்கிறோம். விருந்தாளிகள் கைக்குழந்தையைச் சூழும்போது, தகப்பன் மூத்ததைத் தோளில் தூக்கிக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்காதீர்கள். மலைத்தேன் எவ்வளவு சுத்தமாயினும், தேனிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. நடக்கும் பிள்ளைக்கு நிலக்கடலை, முழு முந்திரி, முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலை அடைத்துவிடும். மின்னும் பொம்மைகளிலுள்ள பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும்; தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூடிய அறையில் கரியடுப்போ கேஸ் ஹீட்டரோ வைத்துத் தூங்காதீர்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் இடத்தில், கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற எட்டுப் பேர், அவர்களில் நான்கு பிள்ளைகள், ஹீட்டர் வைத்த அறையில் மூச்சடைத்து இறந்தார்கள். அந்த நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குழந்தைக்கு ஏற்ற கணப்பு தாயின் மார்பே. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்துக் காக்கும் முறையை மருத்துவர்கள் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் அது கைக்கொள்ளப்படுகிறது.

மூச்சைக் கவனிக்க அறிந்திருங்கள். குழந்தை அமைதியாயிருக்கையில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்கு உட்பட்டதற்கு நிமிடத்திற்கு 60, ஓராண்டுக்கு உட்பட்டதற்கு 50, அதற்கு மேற்பட்டதற்கு 40 அல்லது அதற்கு அதிகமானால் அபாயம். விலாவின் கீழே இழுத்தாலும், பால் குடிக்காவிட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஜெபம் வழியிலேயே செய்யலாம்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

நள்ளிரவில் மேளத்தோடும் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் செல்லும் கேரல் குழுவினரே, கைக்குழந்தையுள்ள வீடுகளுக்கு முன்மாலையில் செல்லுங்கள். மேளமின்றி ஒரு பாட்டுப் பாடுங்கள். பிள்ளையை முத்தமிடாமல் வாழ்த்துங்கள். போகும்போது ஒரு பாத்திரத்தில் இரவுச் சாப்பாட்டையும் கொண்டுபோனால், அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு இல்லை. இரவு இரண்டு முறை பாலூட்டி எழுந்தவளை முறுக்குச் சுடவில்லையே என்று மாமியார் கேட்க வேண்டாம். ஊழியக்காரராகிய நாமும், இரவு ஆராதனைக்கு வராத தாயை ஆவிக்குரிய குறைவுள்ளவளாக எண்ண வேண்டாம்.

பிப்ரவரி மாதக் கடைசியில் சகோதரனிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. லயத்திலிருந்து பேசினார். குழந்தைக்கு நான்கு மாதம், தடுப்பூசிகள் முடிந்திருந்தன. காலையில் புறப்பட்டுப் பகலிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பக்கத்து லயங்களில் எல்லாரும் ஜனவரியிலேயே நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். பெரியவர் மட்டும் கழற்றவில்லை. வெயிலில் வெளுத்து, ஒரு முனை கிழிந்து, வாசலில் அது தொங்கிக்கொண்டிருந்ததாம்.

பாட்டி மறையூர் வெல்லத்தில் அதிரசம் சுட்டிருந்தார். மாலையில் விளக்கேற்றி, குடும்பமாய் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வாசித்து ஜெபித்திருக்கிறார்கள். மூத்தவன் தாத்தாவின் தொப்பியை அணிந்துகொண்டு வீடு முழுவதும் நடந்தான். பெரியவர் போனை வாங்கி என்னோடு பேசினார். கோபித்துக்கொண்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாஸ்டர், ரெண்டு புள்ளைகளும் இந்த வீட்டுக்குள்ள வந்திருச்சுங்க. நாளைக்குக் காலைல ஸ்டாரைக் கழட்டிருவேன்" என்றார்.

மார்ச் மாதம் அவர் வீட்டை ஒப்படைத்துவிட்டு, மகனோடு திருப்பூருக்குச் சென்றார்.

பிள்ளைகளை நம் கையில் ஒப்புவித்த கர்த்தர், அவர்களைக் காக்கும் புத்தியையும் நமக்குத் தந்தருள்வாராக. அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்களே, உங்களுக்கு முடிகிற நாளில் கொண்டாடுங்கள்.